காரைக்குடியில் கல்யாணச் செருப்பு: எது கடிக்கும், எது தாங்கும்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் காரைக்குடிச் செருப்புக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் முதல் தட்டு முழுக்கத் தங்க நிறமும் செப்பு நிறமும்தான். பென்சில் ஹீல், கட்டை ஹீல், வெட்ஜ், பிளாட்பார்ம், பெல்லி, கோலாப்பூரி என்று ஆறு வகை. கம்பெனிப் பெயர் மாறினாலும் அச்சு ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் இந்த மதிப்பீடு பெயரை வைத்து அல்ல, வகையை வைத்து. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: செட்டிநாட்டுக் கல்யாணத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேற்படாத கட்டை ஹீல், முன்பக்கம் அகலம், கணுக்காலில் துளை மாற்றிப் போடும் வார். பென்சில் ஹீலை இந்த ஊருக்குப் பரிந்துரைக்கவே முடியாது.

காரணம் காலில் பாதி, தரையில் பாதி. இங்கே கல்யாணம் பெரும்பாலும் பெரிய வீட்டில் நடக்கும், இல்லையென்றால் மண்டபத்தில். பெரிய வீடு என்றால் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். காரிலிருந்து இறங்கினால் செம்மண்ணும் சரளையும். அதைத் தாண்டிப் படியேறித் திண்ணை ஓரத்தில் செருப்பை விட்டால், அதற்குப் பிறகு வளவு எனும் நடு முற்றம், இரண்டாம் கட்டு, சாப்பாட்டுப் பந்தி எல்லாமே வெறுங்கால்தான். மறுபடி வாசலுக்கு வந்து மாட்டிக்கொண்டு மாலை வரவேற்புக்கு மண்டபம் போகவேண்டும். ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை கழற்றி மாட்டவேண்டிய செருப்பு இது. விமான நிலையத்திலும் அலுவலகத்திலும் காலையிலிருந்து இரவு வரை கழற்றாமல் போடுவதற்காக உருவான வடிவங்களை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டுவதில்தான் சங்கடம் தொடங்குகிறது.

சேலைக் கணக்கு இன்னொன்று. பட்டுச் சேலைக்குக் கொசுவம் வைக்கும்போது ஹீல்ஸைப் போட்டுக்கொண்டுதான் உயரம் பார்ப்பார்கள். மூன்று அங்குல ஹீலுக்கு வைத்த கொசுவம், திண்ணையில் செருப்பைக் கழற்றிய நிமிடமே மூன்று அங்குலம் தரையில் புரளும். செட்டிநாட்டு வீட்டில் அறைக்கு அறை நிலைப்படி உண்டு. புரளும் சேலையோடு, தாம்பாளத்தைக் கையில் ஏந்தி, நிலைப்படி தாண்டும் பெண் தடுக்கி விழுவது தற்செயல் அல்ல. ஒன்றரை அங்குலம் என்றால் கழற்றிய பிறகு கொசுவத்தை லேசாகத் தூக்கிச் செருகினால் போதும், சமாளித்துவிடலாம். அந்தக் காலத்து ஆச்சிமார் கட்டிய கண்டாங்கிச் சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றது. கொலுசும் தெரியும், படியும் தெரியும். தரை தொடும் சேலைக்கட்டு வந்த பிறகுதான் உயரச் செருப்பின் தேவையும் கூடவே வந்தது.

தரையைப் பற்றியும் சொல்லவேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் நிறம் கலந்த சிமென்ட் கலவையை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்ட்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து இறுகவிடுவது. மேலே இருக்கும் நிறப்படலம் மெல்லியது. அறுபது கிலோ எடையுள்ள பெண் பென்சில் ஹீலின் ஒரு சதுர செ.மீ. நுனியில் முழு எடையையும் ஊன்றும் கணத்தில் அந்தப் புள்ளியில் அறுபது கிலோ இறங்குகிறது. அதே பெண் நான்குக்கு நான்கு செ.மீ. கட்டை ஹீலில் ஊன்றினால் சதுர செ.மீ.க்கு நான்கு கிலோவுக்கும் குறைவு. நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் டிப் தேய்ந்து உள்ளேயிருக்கும் ஆணி வெளியே வந்திருந்தால் கல்லில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். மண்டபமாக வாடகைக்கு விடும் பழைய வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த மேடைக்கு ஹீல்ஸோடு ஏறாதீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிரீஸ் நாடு 2009இல் தன் பழம்பெரும் அரங்குகளில் ஹீல்ஸுக்குத் தடை போட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

இனி வகை வகையாக.

பென்சில் ஹீல் பிறந்த கதை தெரிந்தால் அது ஏன் வலிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். குதிகால் உயர்ந்த காலணியைப் பாரசீகக் குதிரை வீரர்கள் போட்டார்கள். சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் பாதம் நழுவாமல் பிடித்துக்கொள்ள, நின்றபடி அம்பு எய்ய அது உதவியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஐரோப்பா போனபோது முதலில் ஆசையோடு போட்டவர்கள் ஆண்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் 1701ஆம் ஆண்டு ஓவியத்தில் அவர் சிவப்பு ஹீலோடுதான் நிற்கிறார். பிறகு ஆண்கள் விட்டுவிட்டார்கள், பெண்களுக்கு வந்து நிலைத்தது. அந்தக் காலத்து ஹீல் மரத்தில் செதுக்கியது. மெலிதாக்கினால் ஒடிந்துவிடும் என்பதால் ஓரளவுக்கு மேல் மெலியவில்லை. இரும்புக் கம்பியை உள்ளே வைத்து மெலிதாக்கும் வழி 1950களில் வந்தது. பாரிஸில் தியோர் நிறுவனத்துக்காக 1954இல் ரோஜே விவியே செய்த ஹீல்கள் அந்த வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பின. குதிரையும் இல்லை, அங்கவடியும் இல்லை. உயரம் மட்டும் மிஞ்சியது.

உயரம் என்ன செய்கிறது? பாதத்தில் 26 எலும்புகள். வெறுங்காலில் நிற்கும்போது எடையில் பெரும்பங்கைக் குதிகால் வாங்கிக்கொள்ளும். குதிகாலைத் தூக்கினால் எடை முன்னால் சரிந்து, விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டில் போய் விழும். 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் முன்பாதத்தின் மேல் விழும் அழுத்தம், சுமார் 2 செ.மீ. ஹீலுக்கு 22 சதவீதமும், 5 செ.மீ.க்கு 57 சதவீதமும், 8 செ.மீ.க்கு 76 சதவீதமும் கூடியது. உள்ளங்காலின் முன்மேட்டில் தோல் தடிப்பதும், கால் ஆணி வருவதும், மூன்றாவது நான்காவது விரல்களுக்கு இடையே ஓடும் நரம்பு தடித்துப்போய் கூழாங்கல்லை மிதித்ததுபோல் சுருக்கென்று வலிப்பதும் இதனால்தான். கெண்டைக்கால் சதையும் விட்டுவைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஹீல்ஸ் போட்டவர்களின் கெண்டைக்கால் தசை இழைகள் சராசரியாக 13 சதவீதம் குறுகியிருந்ததை 2010இல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது. ‘எனக்கு ஹீல்ஸ் இல்லாமல் நடந்தால்தான் வலிக்கிறது’ என்று சிலர் சொல்வது பழக்கம் அல்ல, சுருங்கிப்போன தசை. அப்படிப்பட்டவர்கள் ஒரே நாளில் தட்டைச் செருப்புக்கு மாறக்கூடாது. இரண்டு வாரத்துக்கு அரை அங்குலம் வீதம் இறக்கி, தினமும் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி மடக்கிப் பழகவேண்டும்.

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பென்சில் ஹீலில் இன்னொரு ஆபத்து உண்டு. உள்ளே பாதத்தின் வளைவைத் தாங்க ஒரு எஃகுப் பட்டை இருக்கவேண்டும். மலிவானவற்றில் அது மெல்லியதாகவோ குட்டையாகவோ இருக்கும். ஹீலைப் பிடித்திருக்கும் ஆணிகள் இறங்குவது அட்டையில். ஒருமுறை மழையில் நனைந்தால் அட்டை ஊறி ஆணி தளரும். அறிகுறி: நடக்கும்போது ஒரு காலில் மட்டும் ‘டிக்’ என்ற சத்தம், அல்லது ஹீல் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்பது. அந்த நிலையில் பசை போட்டு ஒட்டிப் பயன் இல்லை. இன்சோலைப் பிரித்துப் புதிதாகத் திருகாணி இறக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் கழித்துவிட வேண்டும்.

உயரத்தைவிடப் பெரிய வில்லன் முன்பக்கத்துக் கூர்மை. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் வாங்குகிறவர்கள் ஹீலை மட்டும் பார்த்துவிட்டு முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பாதத்தின் அகலமான இடம் விரல்கள் தொடங்கும் இடம். கூர்மூக்குச் செருப்பு மிகவும் குறுகுவதும் அங்கேதான். பெருவிரல் உள்பக்கமாகத் தள்ளப்பட்டு, அதன் அடிமூட்டு வெளியே புடைக்கும். புடைப்பு வந்துவிட்டால் செருப்பை மாற்றினால் வலி குறையும், எலும்பு தானாகத் திரும்பாது. இங்கே இன்னொரு சிக்கல்: மெட்டி. இரண்டாவது விரலில் கிடக்கும் வெள்ளி வளையத்துக்கு மூடிய முன்பக்கத்தில் இடமே இல்லை. அது பக்கத்து விரலை அறுக்கும், மேலே செருப்பின் லைனிங்கைக் கிழிக்கும். கல்யாணத்தன்று புதிதாக மெட்டி அணிகிற பெண்ணுக்கு வரவேற்பு உடையோடு கூர்மூக்கு ஷூ வாங்கிக் கொடுப்பது கொடுமை. வீட்டுப் பெரியவர்கள் அந்த ஒன்றைத் தடுத்தால் போதும்.

இடது வலது என்ற பேதமே இல்லாமல் இரண்டு காலுக்கும் ஒரே நேர் அச்சில் செருப்புச் செய்த காலம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. போட்டுப் போட்டுத்தான் அது காலுக்கு ஏற்றபடி வளையும். நம் பிரச்சினை வேறு மாதிரி. இங்கே விற்கும் செருப்புகள் பிரிட்டிஷ், ஐரோப்பிய அளவுகளில் வருகின்றன. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. அதன்படி ‘பா’ என்ற பெயரில் இந்திய அளவு முறை ஒன்றும் முன்மொழியப்பட்டது. அகலம் போதாதபோது நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். ஒரு முழு சைஸுக்கு நீளம் எட்டரை மி.மீ. கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது. நீளம் மிஞ்சியதால் பாதம் சரிவில் முன்னால் வழுக்கிப்போய் விரல்கள் மறுபடி நெருக்கும், பின்னால் குதிகால் கழன்று கழன்று உரசும். ஆக இரண்டு பக்கமும் செருப்புக் கடி. பெரிய சைஸ் தேடாதீர்கள், முன்பக்கம் திறந்த அகல அச்சைத் தேடுங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல்: பெண்களின் பாத வளர்ச்சி 11 வயது வாக்கில் உச்சம் தொடுகிறது. பட்டுப்பாவாடைக்குப் பொருத்தமாக ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஹீல் வைத்த செருப்பு இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிறது. எலும்பு இன்னும் இறுகாத காலுக்கு அதை மாட்டாதீர்கள். ஒரு நாள் கல்யாணம்தானே என்று வாங்கியதைப் பிள்ளை தினமும் போடும்.

கட்டை ஹீலுக்கு வருவோம். பரிந்துரைக்கும் வகை இதுதான் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. செருப்பைக் கடையின் கண்ணாடி மேடை மேல் வையுங்கள். ஹீலின் அடி முழுதும் படியவேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. முன்நுனி ஒரு செ.மீ. அளவுக்குத் தரையிலிருந்து எழும்பி இருந்தால் நடை இலகுவாகும். முன்னும் பின்னும் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்கவேண்டும். நடுவில் மடங்கினால் உள்ளே பட்டை இல்லை என்று அர்த்தம். எங்குமே மடங்காவிட்டால் அதுவும் ஆகாது. பிறகு ஹீல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குதிகாலின் நடுவுக்கு நேர் கீழே நிற்கவேண்டும். மலிவுச் சரக்கில் அது பின்விளிம்புக்குத் தள்ளிப்போய் நிற்கும், நின்றால் பின்னால் இழுக்கும். அடியில் வழுவழுப்பான பிவிசி சோல் இருந்தால் வேண்டாம். எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய ஆத்தங்குடிக் கல்லிலும், தண்ணீர் தெளித்த வாசலிலும் அது சறுக்கிவிடும். கொஞ்சம் கனமானாலும் டிபிஆர் எனும் ரப்பர் வகைச் சோல் பிடிக்கும்.

வார் விஷயத்தில் கொலுசை நினைவில் வையுங்கள். கணுக்கால் எலும்புக்கு மேலே ஏறும் வார் கொலுசின் சலங்கையோடு சிக்கும். எலும்புக்குக் கீழே படியும் வாராக, குறைந்தது நான்கு துளை உள்ளதாக இருக்கட்டும். காலையில் இருக்கும் பாதம் மாலையில் வீங்கும், ஒரு துளை தளர்த்தினால் மாலை வரவேற்பும் தாங்கும். குனிந்து பக்கிளை மாட்டக் கஷ்டப்படும் வயதானவர்களுக்கு எலாஸ்டிக் வைத்த பின்வார் நல்லது, ஆனால் அது இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும்.

வெட்ஜ் இரண்டாவது இடம். இத்தாலியில் சால்வதோரே ஃபெராகாமோ 1930களின் பிற்பகுதியில் இதைப் பிரபலமாக்கினார். எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்ததால் விழுந்த பொருளாதாரத் தடையில் நல்ல எஃகு கிடைக்கவில்லை. பட்டைக்கு எஃகு இல்லாததால் குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரை முழுவதையும் தக்கையால் நிரப்பிவிட்டார். தட்டுப்பாட்டில் பிறந்தாலும் பாதத்தின் வளைவு அந்தரத்தில் தொங்காமல் தாங்கப்படுகிறது என்பதால் காலுக்கு நல்லதாகவே முடிந்தது. செம்மண்ணிலும் சரளையிலும் இதுதான் அமிழாமல் நடக்கும். குறை, அடி வளையாது.

இங்கே விற்கும் வெட்ஜ்களில் தக்கை அபூர்வம். பெரும்பாலும் பியூ (பாலியூரிதேன்) என்கிற நுரை வார்ப்பு. இதில் செட்டிநாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பியூ சோல் போடப்போட உழைக்கும், போடாமல் வைத்தால் உதிரும். காற்றின் ஈரம் அதன் இரசாயனக் கட்டை மெல்ல மெல்ல அறுக்கிறது. வெப்பம் அதை வேகப்படுத்துகிறது. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடந்து, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீட்டின் பரணில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்த வெட்ஜ் சில வருடங்களில் வெளியே புதிதாகவும் உள்ளே கரையான் தின்ற மண்ணாகவும் ஆகிவிடும். போட்டு நான்கு அடி வைத்ததும் சோல் துண்டு துண்டாகக் கொட்டும். எடுத்ததும் சோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினாலோ, பிசுபிசுத்தாலோ அதைப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். எந்தப் பசையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. வைப்பதானால் துணிப்பையில், காற்றுப் போகும் இடத்தில் வையுங்கள். அல்லது ஊர் திரும்பும்போது கூடவே எடுத்துப்போய் மாதம் ஒருமுறையாவது போடுங்கள்.

பிளாட்பார்ம் பார்வைக்குக் கட்டை ஹீலின் அக்கா மாதிரி. நான்கு அங்குல ஹீல், முன்னால் ஒன்றரை அங்குலப் பலகை என்றால் பாதம் உணரும் சரிவு இரண்டரை அங்குலம்தான். கடைக்காரர் இதைச் சொல்லி விற்பார், அது உண்மையும்கூட. ஆனால் பாதத்துக்கும் தரைக்கும் தூரம் கூடக்கூட, கால் லேசாகப் பிசகினாலும் கணுக்கால் முழுக்க மடங்கும். வெனிஸ் நகரத்துச் சீமாட்டிகள் போட்ட ‘சொப்பீன்’ என்ற மரத் தக்கைச் செருப்புகள் சில அரை மீட்டர் உயரம் வரை போயின. இரண்டு பக்கமும் பணிப்பெண்கள் தாங்கிப் பிடிக்க நடந்தார்கள். 1993இல் பாரிஸ் மேடையில் ஆடை வடிவமைப்பாளர் விவியென் வெஸ்ட்வுட்டின் பிளாட்பார்மில் மாடல் நவோமி கேம்பல் விழுந்த காட்சியை இன்றும் பார்க்கிறார்கள். நடப்பதையே தொழிலாகக் கொண்டவர் விழுந்தார். மண்டபத்துக் கார்ப்பெட்டின் அடியில் வயர் ஓடுகிற இடத்தில் மணப்பெண்ணின் தோழி என்ன செய்வாள்?

பெல்லி எனும் தட்டை ஷூவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஹீல் வேண்டாம் என்று இதற்கு ஓடுபவர்கள் அதிகம். அடி மூன்று நான்கு மி.மீ. தடிமன்தான், வளைவுக்குத் தாங்கல் இல்லை, குதிகால் வலி உள்ளவர்களுக்கு ஹீல்ஸைவிட மோசமாகலாம். முன்பக்கம் மூடியிருப்பதால் மெட்டிக்கும் ஆகாது. எங்கள் எண்ணத்தில் ஆறில் கடைசி இடத்துக்கு இதற்கும் பென்சில் ஹீலுக்கும்தான் போட்டி.

கோலாப்பூரி உண்மையானதாகக் கிடைத்தால் மூன்றாவது இடம். மகாராஷ்டிரமும் கர்நாடகமும் சேர்ந்து 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. 2025இல் மிலன் மேடையில் இத்தாலிய நிறுவனமான பிராடா இதே சாயலில் செருப்பைக் காட்டியதும் எழுந்த எதிர்ப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். கருவேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல், ஆணி இல்லாமல் தோல் வாராலேயே தைத்தது. புதிதில் கட்டைவிரல் வளையமும் நடு வாரும் கடிக்கும். வாரில் தேங்காய் எண்ணெயை இரண்டு இரவு மெல்லத் தடவி, வீட்டுக்குள் தினம் அரைமணி போட்டுப் பழகினால் ஒரு வாரத்தில் இணங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் போடவே கூடாது. நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் காயவையுங்கள், வெயில் தோலை முறுக்கிவிடும். எண்ணெய் வைத்தியம் ரெக்சின் கோலாப்பூரிக்கு ஆகாது. பசை விட்டுவிடும். தோலா ரெக்சினா என்பது வெட்டு ஓரத்தைப் பார்த்தால் தெரியும்: தோலில் நார் தெரியும், ரெக்சினில் துணி தெரியும்.

வாங்கப் போகும்போது மாலை ஐந்து மணிக்கு மேல், மெட்டியும் கொலுசும் போட்டுக்கொண்டு போங்கள். அதற்கு முன் வீட்டில் ஒரு வெள்ளைத் தாளில் நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை அந்தக் கோட்டின் மேல் வைத்தால், எங்கே கோடு வெளியே தெரிகிறதோ அங்கே கடிக்கும். இரண்டில் சற்றுப் பெரிதாக உள்ள காலுக்குப் பொருந்துவதை எடுங்கள். பல கடைகளில் ஒற்றைக் காலை மட்டும் கொடுத்துவிட்டு ‘சரியாக இருக்கா’ என்பார்கள். இரண்டையும் கேட்டு வாங்கி, கடையின் மெத்தை விரிப்பில் அல்ல, வெறும் டைல்ஸ் தரையில் ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். முன்னால் அரைக் கட்டைவிரல் இடம் இருக்கட்டும். ‘போடப்போட லூஸ் ஆயிடும்மா’ என்ற வார்த்தையை நம்பவேண்டாம். தோல் சற்று இளகும், ரெக்சின் இளகாது, வெடிக்கும்.

கடையில் செருப்பை எடுத்துக் காட்டும் பெண்களின் காலையும் ஒருமுறை பாருங்கள். நாள் முழுக்க நிற்கும் வேலை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வேலையிடத்தில் ஹீல்ஸைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பிலிப்பைன்ஸும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2017இல் விதி செய்தன. பெரிய ஜவுளிக்கடைகள் சீருடையோடு ஹீல் வைத்த ஷூவைச் சேர்க்கும் யோசனையில் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாற்காலி போடுங்கள்.

வாங்கிய பிறகு கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே வீட்டுக்குள் போட்டுப் பழகவேண்டும். கடிக்கும் இடம் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அந்த இடத்தில் தோலின் மேல், மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் கொப்புளம் வருவது குறையும், வந்தபின் ஒட்டினால் பாதிப் பயன்தான். ஹீல் டிப் தேய்ந்து சாயத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் தேய்ந்த டிப்போடு நடந்தால் முழங்கால் வரை வலி ஏறும். பேருந்து நிலையங்களின் பக்கம் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவர்கள் சிறு தொகைக்கே மாற்றித் தருவார்கள். பழைய டயர் துண்டு வேண்டாம், கெட்டி ரப்பரோ, டிபியூ எனும் கெட்டிப் பிளாஸ்டிக் டிப்போ போடச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் சேர்த்தே மாற்றவேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் உயரம் இரண்டு மி.மீ. வித்தியாசப்படும். காரில் ஒரு ஜோடி தட்டைச் செருப்பும் கிடக்கட்டும், ஆனால் ஈவிஏ நுரையில் செய்ததாக இருந்தால் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். மதியத்துக்குள் சுருங்கி ஒரு சைஸ் சின்னதாகிவிடும்.